கழிவைக் குறைக்க நொதிகளையும் பேசுங்கள்

ஆசிரியருக்கு, வணக்கம்.

ஹைதராபாத்தை அடுத்த படான்சேரு மருந்து ஆலைக் கழிவுகள் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். சுத்திகரிப்பு நிலையம், ஆவியாக்கும் கலன்கள், ஒரு துளியும் வெளியேறாத ‘ஜீரோ டிஸ்சார்ஜ்’ ஏற்பாடு என்று எல்லாவற்றையும் பொறுமையாக விளக்கியிருந்தார்கள். ஆனால் கழிவு உண்டான பிறகு அதை என்ன செய்வது என்பதோடு கட்டுரை நின்றுவிட்டது. அது ஏன் அவ்வளவு உண்டாகிறது, உண்டாகாமலே மருந்து செய்ய வழி உண்டா என்ற கேள்வி ஓரிடத்திலும் வரவில்லை. மூலமருந்து (மாத்திரையில் நோயைத் தீர்க்கும் பொருள்) ஆலைகளில் செய்முறை வகுக்கும் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்பதால், விட்டுப்போன அந்தப் பாதியைப் பற்றி, குறிப்பாக நொதிகளைப் பற்றி, அதாவது உயிரினங்கள் வினைகளை வேகப்படுத்த உண்டாக்கும் புரதங்களைப் பற்றி, எழுதுகிறேன்.

ஜீரோ டிஸ்சார்ஜ் என்றால் கழிவே இல்லை என்று பலர் நினைக்கிறார்கள். தண்ணீர் வெளியே போவதில்லை, அவ்வளவுதான். அதில் கரைந்திருந்த உப்பு மூட்டை மூட்டையாகச் சேர்ந்து, அப்புறம் லாரி ஏறிப் புதைகுழிக்குப் போகிறது. ரோஜர் ஷெல்டன் என்ற வேதியியலர் 1992-ல் ஒரு கணக்குப் போட்டுக் காட்டினார். ஒரு கிலோ மருந்துப் பொருள் செய்ய 25 முதல் 100 கிலோ வரை, சிலவற்றுக்கு அதற்கு மேலும், கழிவு வருகிறது. அதில் பெரும்பங்கு கரைப்பான்கள். எந்த வினை, அதை வேகப்படுத்த எந்த வினையூக்கி, எந்தக் கரைப்பான் என்று ஆய்வகத்தில் முடிவாகும் நாளிலேயே கழிவின் அளவும் பெரும்பாலும் முடிவாகிவிடுகிறது.

அமாக்சிசிலின், ஆம்பிசிலின் என்ற நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளை எடுத்துக்கொள்வோம். இரண்டுக்கும் அடிப்படை 6-ஏபிஏ என்ற பொருள். பூஞ்சையிலிருந்து கிடைக்கும் பெனிசிலின் ஜி-யின் பக்கக் கிளையை மட்டும் வெட்டினால் இது கிடைக்கும். ஆனால் வெட்ட வேண்டிய பிணைப்புக்குப் பக்கத்திலேயே, அதைவிடச் சுலபமாக உடையும் பீட்டா-லாக்டம் வளையம் இருக்கிறது. அது உடைந்தால் மருந்தே போயிற்று. பழைய ரசாயன முறையில் முதலில் மூலக்கூறின் அமிலத் தொகுதியை ஒரு சிலேன் சேர்மத்தால் மூட வேண்டும். பிறகு டைகுளோரோமீத்தேன் என்ற கரைப்பானில் கரைத்து மைனஸ் 40 டிகிரிக்குக் குளிர வைத்து, பாஸ்பரஸ் பென்டாகுளோரைடைச் சேர்க்க வேண்டும். ஈரக்காற்று பட்டாலே புகையும் சரக்கு அது. அதன்பின் பியூட்டனால், கடைசியில் தண்ணீர். இத்தனையும் ஒரே ஒரு பிணைப்பை வெட்டுவதற்கு.

பெனிசிலின் அசைலேஸ் என்ற நொதி அதே பிணைப்பைத் தண்ணீரிலேயே, சாதாரண வெப்பநிலையிலேயே வெட்டுகிறது, வளையத்தைத் தொடுவதில்லை. ஆலையில் இது நடப்பதைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். நொதியைச் சிறு பிசின் மணிகளில் ஏற்றி, அடியில் சல்லடை வைத்த ரியாக்டரில் போட்டிருப்பார்கள். வெட்டுப்பட்ட பீனைல் அசிட்டிக் அமிலம் கரைசலைப் புளிக்க வைக்கப் பார்க்கும். பம்பிலிருந்து அமோனியா சொட்டுச் சொட்டாக இறங்கி பிஹெச்-ஐ, அதாவது அமில-கார அளவை, 8-க்குப் பக்கத்தில் பிடித்து வைக்கும். அமோனியா கேட்பது நின்றுவிட்டால் வினை முடிந்தது என்று அர்த்தம். அடைப்பானைத் திறந்தால் கரைசல் வடியும், மணிகள் சல்லடை மேலேயே தங்கும். அடுத்த பேட்சை ஏற்ற வேண்டியதுதான். நூற்றுக்கணக்கான பேட்சுகளுக்கு அதே மணிகள் உழைக்கும். வடிந்த கரைசலின் பிஹெச்-ஐ 4 அளவுக்கு இறக்கினால் 6-ஏபிஏ வெள்ளைப் படிகமாக விழும். உலகத்தில் இன்று 6-ஏபிஏ பெரும்பாலும் இப்படித்தான் தயாராகிறது.

சரி, இது இயற்கையிலேயே இருந்த நொதி. இயற்கையில் இல்லாத வேலைக்கு என்ன செய்வது? நம் ஊரில் எத்தனையோ சர்க்கரை நோயாளிகள் தினமும் விழுங்கும் சிட்டாகிளிப்டின் இதற்குப் பதில். வலது கை, இடது கை போல ஒன்றுக்கொன்று ஆடி பிம்பமான இரண்டு வடிவங்களில் அந்த மூலக்கூறு வரும். மருந்துக்கு ஒன்று மட்டுமே வேண்டும். மெர்க் மருந்து நிறுவனம் முதலில் அதை ரோடியம் என்ற உலோகம் கொண்ட வினையூக்கியோடு, ஹைட்ரஜனைக் கொண்டு, வளிமண்டலத்தைப் போல ஏறக்குறைய 17 மடங்கு அழுத்தத்தில் தயாரித்தது. கிடைத்த தூய்மை போதாமல் மறுபடி படிகமாக்க வேண்டியிருந்தது. ரோடியத்தையும் நீக்க வேண்டியிருந்தது. பிறகு நொதிகளை வடிவமைக்கும் கோடெக்சிஸ் நிறுவனத்தோடு சேர்ந்து ஒரு டிரான்ஸமினேஸ் நொதியை எடுத்தார்கள். அந்த நொதியின் குழிக்குள் இந்த மூலக்கூறு நுழையக்கூட முடியாது. குழியை அகலப்படுத்தி, மரபணுவில் மாற்றங்கள் செய்து, நன்றாக வேலை செய்ததைப் பொறுக்கி, அதையே மறுபடி மாற்றி, 11 சுற்றுகள் போனார்கள். 27 இடங்களில் மாறிய நொதி 40 டிகிரியில், பாதிக்குப் பாதி டைமெத்தில் சல்பாக்சைடு என்ற கரைப்பான் கலந்த நீரில், வேண்டாத வடிவம் கண்ணில் படாத அளவுக்குத் தூய்மையாக மருந்தைத் தந்தது. 2010-ல் வெளியான விவரப்படி மொத்தக் கழிவு 19 சதவீதம் குறைந்தது. அவ்வளவுதானா என்று கேட்கலாம். அந்த ரோடியம் முறையே 2006-ல் அமெரிக்காவின் பசுமை வேதியியல் விருது வாங்கிய முறை என்பதை நினைவில் வையுங்கள். விருது வாங்கிய முறையிலிருந்தும் இன்னும் ஐந்தில் ஒரு பங்கு குறைத்திருக்கிறார்கள். மாற்றிப் பொறுக்கும் இந்த உத்திக்கு வழிகாட்டிய ஃபிரான்சஸ் ஆர்னால்டுக்கு 2018-ல் நோபல் பரிசில் பாதி கிடைத்தது.

நொதி எல்லாவற்றையும் தீர்க்கும் என்று நான் சொல்லவில்லை. படான்சேரு கழிவுநீரில் லிட்டருக்கு 31 மில்லிகிராம் வரை சிப்ரோஃப்ளாக்சசின் என்ற நுண்ணுயிர்க்கொல்லி மருந்து இருந்ததாக 2007-ல் ஆய்வாளர்கள் எழுதினார்கள். தயாரித்து முடித்த மருந்தே சாக்கடையில் கலப்பதற்கு வேறு வைத்தியம் வேண்டும். சில வினைகளுக்கு இன்றும் உலோக வினையூக்கியே மேல். புது நொதியைப் பழக்கியெடுக்கக் காசும் காலமும் பிடிக்கும். சின்ன ஆலைகளால் தனியாகச் செய்ய முடியாது. அரசு ஆய்வகங்கள் தோள் கொடுக்க வேண்டிய இடம் அதுதான்.

என்னை அதிகம் வருத்துவது வேறு. வேலைக்கு நேர்முகத் தேர்வு நடத்தியபோது எம்.எஸ்சி. வேதியியல் முடித்த கெட்டிக்காரப் பிள்ளைகள் பலரிடம் நொதியைப் பற்றிக் கேட்டிருக்கிறேன். “அது பயாலஜி சார்” என்பார்கள். பல்லேடியம் என்ற உலோக வினையூக்கியைப் பற்றி அரை மணி நேரம் பேசும் பிள்ளைக்கு லைப்பேஸ் என்ற நொதியும் ஒரு பாட்டிலில் வரும் வினைப்பொருள்தான் என்று யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. இதற்குப் பெரிய செலவு வேண்டாம். பேக்கரி ஈஸ்ட், சர்க்கரை, வெதுவெதுப்பான தண்ணீர், கொஞ்சம் எத்தில் அசிட்டோஅசிடேட் என்ற கீட்டோன் சேர்மம் போதும். ஒன்றிரண்டு நாளில் ஈஸ்ட்டில் உள்ள நொதிகள் அந்தக் கீட்டோனை ஆல்கஹாலாக மாற்றிவிடும், அதுவும் பெரும்பாலும் இரண்டு ஆடி பிம்ப வடிவங்களில் ஒன்றாக மட்டும். அந்த வடிவங்கள் ஒளியைத் திருப்பும் விதத்தை அளக்கும் போலாரிமீட்டர் கல்லூரியிலேயே இருக்கும், அதிலேயே அளந்து பார்க்கலாம். ஒவ்வொரு எம்.எஸ்சி. ஆய்வகத்திலும் இந்தச் சோதனை கட்டாயமாக வேண்டும். புது ஆலைக்கு அனுமதி கேட்டு வருபவர்களிடமும், சுத்திகரிப்பு நிலையத்தின் கொள்ளளவோடு, ஒரு கிலோ மருந்துக்கு எத்தனை கிலோ கழிவு, இதைவிடக் குறைந்த கழிவு தரும் செய்முறையைப் பரிசீலித்தீர்களா என்றும் கேட்க வேண்டும்.

உங்கள் கட்டுரையாளர் நேரில் போய் விசாரித்து எழுதுபவர் என்று தெரிகிறது. அடுத்த முறை அவர் ஆலையின் பின்வாசலில் உள்ள சுத்திகரிப்பு நிலையத்தோடு திரும்பிவிடாமல், செய்முறை வகுக்கும் ஆய்வகத்துக்குள்ளும் போய்ப் பேசி எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற மூலமருந்து வேதியியலர்,
ஓசூர்.