யாருக்கும் என் மேல் பகை இல்லையாம்

மதிப்பிற்குரிய மேல்முறையீட்டு அலுவலர் அவர்களுக்கு,

வணக்கம். என் முறையீட்டுக்கு நீங்கள் அனுப்பிய ஒன்றரைப் பக்கப் பதில் கிடைத்தது, நன்றி. மொட்டைக் கடிதம், விசாரணை, புகாரில் உண்மை இல்லை என்ற அறிக்கை, அதற்குப் பதினோராம் நாள் வந்த இடமாறுதல் ஆணை எல்லாம் உங்கள் கோப்பிலேயே இருக்கின்றன. பதிலின் கடைசி வரிதான் என்னை எழுத வைத்தது: 'தங்கள் மீது எவருக்கும் தனிப்பட்ட காழ்ப்புணர்ச்சி இல்லை, எனவே கெடுநோக்கு என்ற வாதம் ஏற்புடையதன்று.'

காழ்ப்பு இருக்கிறது என்று நான் எங்கே எழுதினேன், ஐயா? ஆணையில் காரணம் இல்லை என்றுதான் எழுதினேன்.

வீட்டுப் பேச்சில் வன்மம் என்றால் மனசுக்குள் கறுவிக்கொண்டிருப்பது. அதற்குப் பழைய கணக்கு ஒன்று வேண்டும். சட்டம் அதைக் கேட்பதில்லை. 1825இல் இங்கிலாந்தில் பெய்லி என்ற நீதிபதி இதைப் பிரித்துச் சொன்னார்: தகுந்த காரணம் இல்லாமல், தெரிந்தே செய்த தவறான செயல் போதும். மீன்பிடி நீர்நிலை யாருடையது என்றே தெரியாமல் ஒருவன் அதில் விஷம் கலந்தாலும் கெடுநோக்குதான் என்றார். குளத்துக்காரர் மேல் அவனுக்கு என்ன பகை? சின்னப் பிள்ளைகள் 'வேணும்னே பண்ணிட்டான்' என்பார்களே, அந்தச் சொல்தான் சட்டத்துக்குக் கிட்டே வருகிறது.

1978இல் வானொலித் துறை அதிகாரி எஸ்.ஆர். வெங்கடராமன் அம்மையார், தனிப்பட்ட பகை என்ற வாதத்தை வற்புறுத்தவே இல்லை. ஆதாரமில்லாத கட்டாய ஓய்வு ஆணை சட்டப்படி கெடுநோக்கு என்றே உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. 2008இல் சோமேஷ் திவாரி வழக்கு என் கதையேதான்: மொட்டைக் கடிதம், விசாரணையில் ஒன்றுமில்லை, இருந்தும் இடமாறுதல். அதையும் கெடுநோக்கு என்றே சொன்னார்கள். முறையீட்டில் இரண்டையும் இணைத்திருந்தேன். புரட்டிப் பார்த்த அடையாளம் பதிலில் இல்லை.

இடமாறுதலுக்குப் பிறகு அதிகாலை 4.40 பேருந்தைப் பிடிக்கிறேன். அம்மாவுக்குக் கண்புரை, இன்சுலின் ஊசியில் உள்ள கோடு தெரியாது. பத்தாம் வகுப்புப் படிக்கும் பக்கத்து வீட்டுப் பெண் பள்ளி வேன் வருவதற்குள் ஓடிவந்து 14 யூனிட் போட்டுவிட்டுப் போகிறாள். போன மாதம் அவள் காய்ச்சலில் படுத்த அன்று அம்மா கைக்கணக்கில் தானே ஏற்றிக்கொண்டார். மதியம் வியர்த்துக் கொட்டிச் சமையலறைத் தரையில் கிடந்தவரைப் பால்காரர்தான் பார்த்தார். அம்மாவுக்கும் உங்களுக்கும் எந்தப் பகையும் இல்லை, ஒத்துக்கொள்கிறேன்.

ஆணையில் இருப்பது இரண்டே சொற்கள்: 'நிர்வாக நலன்'. அடேயப்பா, எவ்வளவு பெரிய குடை! கீழே யார் நிற்கிறார்கள் என்று யாரும் குனிந்து பார்க்க முடியாது. பெயர் போடாமல் எழுதினால் துறையே ஓடுகிறது. பெயர் போட்டு எழுதினால் ஒன்றரைப் பக்கம். அடுத்த முறை நானும் மொட்டையாகவே எழுதிவிடலாமா என்று தோன்றுகிறது.

மன்னிக்கவும், கேட்க வந்தது அதுவல்ல. அந்த நிர்வாக நலன் என்ன என்று ஒரு வரி எழுதுங்கள். எழுதக் காரணம் இல்லையென்றால் ஆணையைத் திரும்பப் பெறுங்கள். யாரையும் தண்டிக்கச் சொல்லவில்லை, யார் மனசையும் திறந்து காட்டச் சொல்லவில்லை. காரணத்தை எழுதுங்கள், அல்லது ஆணையை ரத்து செய்யுங்கள். அந்தப் பெண்ணுக்கு மார்ச்சில் பொதுத்தேர்வு. அதற்குள் பதில் வந்தால் உதவியாக இருக்கும்.

பணிவுடன்,
உங்கள் கோப்பில் உள்ள உதவியாளர்