குலதெய்வக் கோயில் திருப்பணியும் தீவுப் பங்காளிகள் தங்கும் மண்டபமும்: நிறைவு அறிக்கை

பெரியோர்களுக்கும், பங்காளிகளுக்கும், மாமன் மச்சினன் உறவின்முறையாருக்கும் திருப்பணிக் குழுவின் வணக்கம்.

உசிலம்பட்டி வட்டாரத்தில் உள்ள நம் கருப்பசாமி கோயிலின் திருப்பணி, பாலாலயம் தொடங்கி மண்டலாபிஷேகம் வரை, சாமியின் அருளால் குறைவின்றி நிறைவேறியது. விமானத்தின் சுதை வேலை, அஷ்டபந்தனம், வர்ணம், மடைப்பள்ளியின் புதிய கூரை, விளாச்சேரியில் செய்வித்த மண் குதிரைகள் ஆகியவற்றை அனைவரும் நேரில் கண்டிருக்கிறீர்கள். அவற்றின் வரவு செலவுக் கணக்கு தணிக்கை செய்யப்பட்டுக் கோயில் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட்டிருப்பதால் இங்கே மீண்டும் எழுதவில்லை. இந்த அறிக்கையின் பெரும்பகுதி கோயிலுக்கு வடபுறம் எழுப்பியுள்ள தங்கும் மண்டபத்தைப் பற்றியது. முகப்பில் மூன்று நிலைக் கோபுரம் எழுப்பக்கூடிய பணத்தை, அந்தமான் நிக்கோபார் தீவுகளின் தென்கோடியிலுள்ள கிரேட் நிக்கோபார்த் தீவிலிருந்து மாசி சிவராத்திரிக்கு வந்து போகும் பங்காளிக் குடும்பங்களுக்காக அறைகள் கட்டிச் செலவழிப்பதா என்று பொதுக்குழுவில் கேட்டவர்கள் நியாயமாகவே கேட்டார்கள். அன்று நேரமின்மையால் அரைகுறையாகச் சொன்ன பதிலை இங்கே முழுமையாக எழுதக் குழு கடமைப்பட்டிருக்கிறது.

1969 முதல், பஞ்சாப், மகாராஷ்டிரம், கேரளம், தமிழ்நாடு முதலிய மாநிலங்களைச் சேர்ந்த முன்னாள் படைவீரர் குடும்பங்களை இந்திய அரசு அத்தீவின் கிழக்குக் கரையில் குடியமர்த்தியது. பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்ற நம் பங்காளிகள் சிலரும் அப்போதுதான் கப்பலேறினார்கள். வைகை அணை 67 அடியைத் தாண்டினால்தான் 58 கிராமக் கால்வாயில் தண்ணீர் கிடைக்கும் என்று இன்றும் காத்திருக்கிற பூமி நம்முடையது. அவர்கள் போய்ச் சேர்ந்ததோ ஆண்டுக்கு 3,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டும் காடு. இராசேந்திர சோழனின் மெய்க்கீர்த்தியில் மாநக்கவாரம் என்று குறிக்கப்படும் அந்தத் தீவுக் கூட்டத்துக்கு, ஆயிரம் ஆண்டுக்குப் பின் தமிழர் சிலர் மண்வெட்டியோடு போனார்கள் என்று நம் பெரியவர்கள் பெருமையாகச் சொல்வதுண்டு. அந்தப் பெருமையை அளவோடு கொள்வது நல்லது. தீவின் பெரும்பகுதி ஷோம்பென், நிக்கோபாரி மக்களுக்குரிய பழங்குடிக் காப்பகம். நம்மவர்களுக்குக் கிடைத்தது அதன் ஓரத்தில் அரசு அளந்து கொடுத்த நிலம் மட்டுமே. முதல் தலைமுறைக்குப் போதுமாயிருந்த அந்த நிலம், பேரன்கள் பாகம் பிரிக்கும்போது போதவில்லை.

2004 டிசம்பர் 26 அன்று நேர்ந்ததை ஒருவரும் மறந்திருக்க மாட்டோம். தீவின் தென்கோடியான இந்திரா முனை நான்கு மீட்டருக்கு மேல் தாழ்ந்து, கலங்கரை விளக்கத்தின் அடியில் கடல் புகுந்தது. தீவின் முக்கிய ஊரான கேம்ப்பெல் பேயிலிருந்து தெற்கே செல்லும் சாலை பல இடங்களில் அறுந்தது. ஊர்களை இன்ன கிலோமீட்டர் என்று சாலைக் கல்லைக் கொண்டே அடையாளம் சொல்லிப் பழகியவர்களுக்குக் கல்லும் இல்லாமற்போனது, ஊரும் இல்லாமற்போனது. நெல் விளைந்த வயல்களில் உப்பேறியது. பிழைத்தவர்கள் தகரக் குடில்களில் ஆண்டுக்கணக்கில் இருந்து, பிறகே அரசு கட்டிய வீடுகளுக்குப் போனார்கள். அதற்கடுத்த மாசியில் அங்கிருந்து ஒருவரும் வரவில்லை. அந்த ஆண்டின் வரி நோட்டில், தீவுத் தலைக்கட்டுகளின் பெயர்களுக்கு நேரே "வரவு: பொது" என்று சிவப்பு மையில் எழுதியிருக்கிறது, உள்ளூர்ப் பங்காளிகள் பகிர்ந்து கட்டி, ஒரு பெயரும் அடிபடாமல் பார்த்துக்கொண்டார்கள். இந்தத் திருப்பணிக்கு அதே குடும்பங்கள் வரியோடு கூடுதலாகவும் அனுப்பியிருக்கின்றன. கொப்பரையும் பாக்கும் விற்ற பணம் அது. தோப்புக்குள் இறங்கும் குரங்குகள் இளநீர்ப் பருவத்திலேயே பாதியைத் தின்று தீர்த்துவிடுகின்றன என்று அவர்கள் சொல்லும் மீதியிலிருந்து வந்தது.

மண்டபம் எதற்கு என்ற கேள்விக்கு விடை கப்பலில் இருக்கிறது. கேம்ப்பெல் பேயிலிருந்து போர்ட் பிளேர், அதாவது இன்றைய ஸ்ரீ விஜயபுரம், ஏறத்தாழ 540 கிலோமீட்டர். அங்கிருந்து சென்னை ஏறத்தாழ 1,190 கிலோமீட்டர். வழியில் உள்ள தீவுகளைத் தொட்டுச் செல்லும் கப்பல், கடல் கொந்தளித்தால் புறப்படாது. ஹெலிகாப்டரில் இருக்கைகள் சில, அவற்றிலும் நோயாளிகளுக்கே முதலிடம். மூன்று நாள் திருவிழாவுக்கு மூன்று நாள் மட்டும் முன்னதாகக் கிளம்பி வர அவர்களால் முடியாது. கிடைத்த கப்பலில் ஏறி முன்கூட்டியே வந்து, திரும்பும் கப்பலுக்கான சீட்டு கிடைக்கும்வரை காத்திருக்கிறார்கள். அதுவரை எங்கே தங்குவது? இத்தனை காலம் உறவினர் வீட்டுத் திண்ணையிலும் பூசாரி வீட்டு மாடியிலும் தங்கினார்கள். ஆவணியில் வைக்கவிருந்த குடமுழுக்கைத் தைக்குத் தள்ளியதும் கடல் ஓரளவு அமைதியாக இருக்கும் மாதம் என்பதால்தான். ஜோதிடக் காரணம் எதுவும் இல்லை என்பதை, சிலர் வேறுவிதமாகப் பேசுவதால், இங்கே குறிப்பிடுகிறோம்.

திருவிழாவைவிட மருத்துவமே பெரிய காரணம். தீவில் தொடக்கநிலைச் சிகிச்சைக்கு வசதி உண்டு. அதற்கு மேற்பட்டதற்குப் போர்ட் பிளேர், அதற்கும் மேற்பட்டதற்குத் தாய்நிலம். சென்னையில் தெரிந்தவர் இல்லாததால் நம்மவர்கள் மதுரைக்கே வருகிறார்கள். யாகசாலைக்காகப் போட்ட தகரக் கொட்டகையின் கீழ், ஸ்கேன் படங்கள் அடங்கிய உறையைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு, அடுத்த சோதனைக்கான தேதிக்காகக் காத்திருந்த அப்பத்தா ஒருவரைக் குழுவினர் கண்டோம். சீலை நுனியால் முகத்தை மூடிப் பட்டப்பகலில் தூங்கிக்கொண்டிருந்தார். அங்கே பொழுது நம்மைவிட ஒரு மணி நேரம் முன்னதாக விடிந்து, மாலை ஐந்தேகாலுக்கெல்லாம் அடைந்துவிடுவதால், விடியற்காலையிலேயே எழுந்துவிடுகிறார் என்று அவர் மகன் சொன்னார். அதன் பிறகு குழுவுக்குள் கோபுரப் பேச்சு எழவில்லை.

மண்டபத்தில் ஒரு பொதுக்கூடம், கழிப்பறையோடு கூடிய நான்கு அறைகள், ஒரு சமையலறை ஆகியவை முடிந்துள்ளன. மேல்தளத்துக்குக் கம்பி நீட்டி விடப்பட்டிருக்கிறது. வாசற்கதவு, நிலை ஆகியவற்றுக்கு அந்தமான் படாக் மரம் வரவழைக்கலாம் என்று மூத்தவர்கள் சிலர் விரும்பினார்கள். 2002-இல் உச்ச நீதிமன்றம் தீவுகளிலிருந்து தாய்நிலத்துக்கு மரம் கொண்டுவரத் தடை விதித்ததைத் தீவுப் பங்காளிகளே எடுத்துச் சொன்னதால், அந்த எண்ணத்தைக் கைவிட்டு மதுரை மரக்கடையில் தேக்கு வாங்கினோம். மொட்டை மாடியின் மழைநீர் முழுவதையும் நிலத்தடித் தொட்டியில் சேர்க்கும் ஏற்பாடு, அங்கே குழாய் வேலை செய்யும் பங்காளி ஒருவர் கூலி வாங்காமல் செய்து கொடுத்தது. தண்ணீருக்கு ஏங்கும் ஊருக்கு, மழை ஓயாத ஊர்க்காரர் வந்து இதைச் செய்ய வேண்டியிருந்தது. வாய்க்கால் வரப்புத் தகராறில் காட்டும் அக்கறையில் பாதியை நாம் இதில் காட்டியிருக்கலாம்.

குழுக் கூட்டங்களில் தீவுப் பிரதிநிதி ஒருவரும் கைப்பேசித் திரை வழியாகத் தவறாமல் கலந்துகொண்டார். 2020 ஆகஸ்டில் சென்னைக்கும் அந்தமான் நிக்கோபார் தீவுகளுக்கும் இடையே கடலடி இழைவடம் (ஃபைபர் கேபிள்) இணைக்கப்பட்டு, அது கேம்ப்பெல் பே வரை சென்றிருப்பதால் இது இயன்றது. அதற்கு முன்பு செயற்கைக்கோள் தொடர்பில் ஒரு படம் அனுப்பவே பொழுது போய்விடும்.

இனி அத்தீவின் நிலைமை என்னாகும் என்பது, மேல்தளம் கட்டுவதா என்ற முடிவோடு சேர்ந்தது. கலத்தியா விரிகுடாவில் சரக்குப் பெட்டகத் துறைமுகம், விமான நிலையம், மின்நிலையம், புதிய நகரம் ஆகியவை அடங்கிய திட்டத்துக்கு 2022 நவம்பரில் சுற்றுச்சூழல் அனுமதி கிடைத்தது. அப்போது சொல்லப்பட்ட மதிப்பு 72,000 கோடி ரூபாய். ஏறத்தாழ 130 சதுர கிலோமீட்டர் காடு அதற்காக ஒதுக்கப்படுகிறது. தோணியாமைகள் (லெதர்பேக் எனப்படும் பெரிய கடலாமைகள்) கரையேறி முட்டையிடும் மணற்கரையும் அங்கேதான் உள்ளது. நம் பங்காளிகளிடையே இதில் இரு கருத்து உண்டு. மருத்துவமனையும் விமானமும் வந்தால் போதும் என்பவர்கள் ஒருபுறம். விமான நிலையத்துக்குக் கேட்கப்படும் நிலத்தில் குடியேறியோரின் நிலமும் இருப்பதால், சுனாமிக்குப் பின் மீண்டும் ஒருமுறை இடம்பெயர்வதா என்று கேட்பவர்கள் மறுபுறம். 2011 கணக்கெடுப்பில் சுமார் 8,000 பேர் இருந்த தீவில் எதிர்காலத்தில் சில லட்சம் பேர் குடியேறுவார்கள் என்று திட்டம் சொல்லும்போது, பழைய குடியேறிகளின் சொல் எடுபடுமா என்ற கவலை இரு தரப்பாருக்கும் இருக்கிறது. திட்டத்தைப் பற்றிக் குழு கருத்துச் சொல்லவில்லை. ஆனால் பள்ளிப்படிப்பு முடிந்த பிள்ளைகள் உயர்கல்விக்குத் தீவை விட்டு வெளியேறித்தான் ஆகவேண்டும். அவர்களில் மதுரைக்கு வருவோருக்கு, கல்லூரி விடுதி கிடைக்கும்வரை இங்கே தங்க இடம் தேவை. மேல்தளத்தை மாணவர் அறைகளாகக் கட்டலாம் என்பதே குழுவின் பரிந்துரை.

மண்டபத்தைப் பயன்படுத்துவதில் தீவுப் பங்காளிகளுக்கு முன்னுரிமை உண்டு. அவர்களிடம் வாடகை வாங்குவதில்லை, மின்கட்டணம் மட்டும் பெறப்படும். மற்ற நாள்களில் காதுகுத்து, மொட்டை போன்ற விசேஷங்களுக்கு உள்ளூர்ப் பங்காளிகள் பொதுக்கூடத்தை மட்டும் கேட்டுப் பெறலாம். அறைகளைப் பூட்டியே வைத்திருக்க வேண்டும். சாவி பூசாரியிடம் இருக்கும். ஆழ்குழாய்க் கிணற்று மோட்டாருக்கான நிலுவைத் தொகையையும், இன்னும் வரி கட்டாத உள்ளூர்த் தலைக்கட்டுகளின் பட்டியலையும் வரும் சித்திரை மாதப் பொதுக்குழுவில் வைக்கிறோம். அந்தப் பட்டியலில் தீவுக் குடும்பம் ஒன்றும் இல்லை.

இப்படிக்கு,
திருப்பணிக் குழுவினர்