அக்கா–தங்கை இணைப்பு: அக்டோபர் 17, சனிக்கிழமை

நியூ ஜெர்சி எடிசன் நகரப் பெற்றோர் குழுவினருக்கு வணக்கம்.

ஆறாம், ஏழாம் வகுப்பில் படிக்கும் நம் பெண்பிள்ளைகள் ஒவ்வொருவரையும் பதினோராம் வகுப்பிலோ கல்லூரியிலோ இருக்கும் ஓர் அக்காவோடு இணைக்கிறோம். பெயர், நிறம், டிபன் பாக்ஸ் என்று வகுப்பில் வரும் கிண்டலை நம்மிடம் சொல்லத் தயங்குவார்கள். அதையெல்லாம் கடந்து வந்த அக்காவிடம் சொல்லிவிடுவார்கள். கறுப்பின, லத்தீன் குடும்பத்துத் தோழிகளையும் அழைத்து வாருங்கள்.

இது ஒன்றும் புதிதில்லை. வாஷிங்டனில் உள்ள ஹோவர்ட் பல்கலைக்கழகத்தின் கறுப்பின மாணவிகள் 1908-லேயே ஆல்ஃபா கப்பா ஆல்ஃபா என்ற அக்கா–தங்கைச் சங்கத்தைத் தொடங்கினார்கள். படிப்பு முடிந்தாலும் அந்த உறவு ஆயுசுக்கும். நம்மூர் சியாமளாவின் மகள் கமலா ஹாரிஸ் அங்கே படிக்கும்போது, 1986-ல், அதில் சேர்ந்தார்.

1. நேரம்: காலை 10 முதல் 12 வரை. இடம்: நூலகக் கூட்ட அறை.

2. மகளின் பெயர், வகுப்பு, அவளுக்குப் பிடித்த ஒரு விஷயம்: இங்கே போடாமல் எனக்குத் தனியாக அனுப்புங்கள்.

3. அக்காக்களின் பெற்றோருக்கு: மாதம் இருமுறை, ஒரு மணி நேரம், ஓராண்டுக்காவது வர வேண்டும். பாதியில் விட்டால் சின்னவள்தான் ஏமாந்து போவாள். எஸ்ஏடி (கல்லூரி நுழைவுத் தேர்வு) நெருக்கடி என்றால் இப்போதே சொல்லிவிடுங்கள், தப்பில்லை.

4. சந்திப்பு நூலகத்தில் மட்டும். பெற்றோர் ஒருவர் முறைவைத்து அங்கே இருப்போம்.

5. இது டியூஷன் இல்லை. மதிப்பெண் பேச்சு வேண்டாம், ப்ளீஸ்.

அக்டோபர் 10-க்குள் ‘வருகிறோம்’ அல்லது ‘வரவில்லை’ என்று எழுதுங்கள். வெறும் கட்டைவிரல் போட்டால் கணக்கில் சேராது.