அடுத்தவர் வயலுக்குள் நடந்து போகிறேன், அப்பா

டெர்பி
இங்கிலாந்து, ஞாயிறு இரவு

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். அம்மா முட்டுவலி எப்படி இருக்கிறது, கருப்பி கன்று போட்டுவிட்டதா? போனில் கேட்டால் நீங்க "ஆங், சாப்பிட்டியா" என்று மட்டும் கேட்டுவிட்டு அம்மாவிடம் கொடுத்துவிடுகிறீர்கள், அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். பெரிய எழுத்தில் பிரிண்ட் எடுத்துத் தரும்படி தம்பியிடம் சொல்லியிருக்கிறேன்.

லீவு நாளில் நான் நடக்கப் போகிறேன் என்று அம்மா சொன்னதற்கு, "நடக்கிறதுக்குப் போய் எவளாவது பஸ் ஏறுவாளா" என்று சிரித்தீர்களாமே. ஏறுவாள். நைட் ட்யூட்டி முடிந்த அலுப்பு தீர்ந்த மறுநாள் காலை, கூட வேலை பார்க்கும் கோட்டயத்துப் பெண்ணும் நானும் தயிர்சாதம் கட்டிக்கொண்டு ஆஷ்போர்ன் பஸ்ஸில் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் ஊரெல்லாம் பின்னால் போய் மேடும் பள்ளமுமாகப் பச்சை தொடங்கிவிடுகிறது. பீக் டிஸ்ட்ரிக்ட் என்கிறார்கள். மலை என்று சொல்லத்தான் எனக்கு வாய் வருவதில்லை. நம் அகத்தியமலை 1,868 மீட்டர், இங்கே போன மாதம் மூச்சு வாங்க ஏறி உச்சியில் நின்று போட்டோ எடுத்து அனுப்பினேனே, தார்ப் கிளவுட், அது 287 மீட்டர்! களத்தில் நெல்லைக் குவித்து மேலே பச்சைத் துணி போர்த்தினது மாதிரி இருக்கும். ஆனால் அப்படி ஒன்றின் பின் ஒன்றாகக் கண்ணுக்கெட்டிய தூரம் கிடக்கிறதைப் பார்க்க அலுக்கவே இல்லை.

அந்தக் குன்றடியில்தான் டவ் ஆறு. ஆறு என்றால் நம் தாமிரபரணியை நினைக்காதீர்கள், கன்னடியன் கால்வாய் அகலம்கூட வருமா தெரியவில்லை. இரண்டு பக்கமும் வெள்ளைச் சுண்ணாம்புப் பாறை செங்குத்தாக நிற்க, நடுவில் கூழாங்கல் தெரிகிற தண்ணீர். ஒரு இடத்தில் பாலத்துக்குப் பதில் வரிசையாகக் கல் போட்டிருக்கிறார்கள், தாண்டித் தாண்டி அக்கரை போகவேண்டும். ஆறுதான் எல்லை, இந்தக் கரை டெர்பிஷயர், அந்தக் கரை ஸ்டாஃபோர்ட்ஷயர். கொஞ்ச தூரம் போனால் விழுந்து கிடக்கிற மரத்தில் சில்லறைக் காசை வரிசை வரிசையாகக் கல்லால் அடித்துச் செருகியிருக்கிறார்கள், செதில் முளைத்த மீன் மாதிரி. நேர்ச்சையா, அதிர்ஷ்டமா, கேட்டால் அவர்களுக்கே சரியாகச் சொல்லத் தெரியவில்லை. நானும் ஒன்று அடித்தேன். எதற்கென்று கேட்காதீர்கள்.

சரி, உங்களுக்குச் சொல்ல வேண்டியது இது இல்லை. பாதை பற்றித்தான்.

இங்கே நாங்கள் நடப்பது பூங்காவிலோ காட்டிலோ இல்லை அப்பா. அடுத்தவர் வயலில். வேலியில் ஒரு கடவு, அதில் மஞ்சள் அம்பு ஒட்டிய மரக்கம்பம். அதைத் தாண்டினால் யாரோ ஒருவருடைய ஆட்டு மேய்ச்சல், அதைத் தாண்டினால் வேறொருவருடைய மாட்டு நிலம், சில இடத்தில் பயிர் நட்ட நடுவயல். முதல் தடவை நான் கடவில் நின்றுவிட்டேன், யாராவது வந்து கத்துவார்களே என்று. கூட வந்த வார்டு சீனியர் அம்மா, அறுபது வயசு, "இது உன் பாதை, நட" என்றார். பயிருக்கு நடுவே போகிற பாதையை விவசாயி உழலாம், ஆனால் பதினாலு நாளுக்குள் மறுபடி நடக்கிற மாதிரி ஆக்கி, போகிற தடம் தெரியும்படி குறைந்தது ஒரு மீட்டர் அகலம் விடவேண்டும். ஓரமாகப் போகிற பாதை என்றால் உழவே கூடாது. கடைக்குப் போனால் 1:25,000 வரைபடம் யாருக்கும் விற்கிறார்கள், ஒவ்வொரு வயலின் கல்சுவரும் அதில் இருக்கிறது, நடைபாதை பச்சைப் புள்ளிக்கோடு. நம் வயலின் அளவுப்படம், அந்த எஃப்எம்பி வாங்க நீங்கள் தாலுகா ஆபீஸுக்கு நடந்ததை நினைத்துக்கொண்டேன்.

இன்னொன்று கேளுங்கள். ஊர்க்காரர்கள் இருபது வருடம் யாரிடமும் கேட்காமல், ஒளியாமல், தடையில்லாமல் நடந்திருந்தால் அந்தப் பாதையைப் பொதுப்பாதையாக விட்டுவிட்டார்கள் என்றே இங்கே சட்டம் எடுத்துக்கொள்ளும், விடவில்லை என்று நிலக்காரர்தான் காட்டவேண்டும். இருபது! ஓடைக்கரைப் பாதைக்கு நம் வக்கீல் 1882ஆம் வருட ஈஸ்மென்ட் சட்டம், அடுத்தவர் நிலத்தில் வழியுரிமை என்று சொன்னாரே, அதிலும் இதே இருபது வருடக் கணக்குதானே? தாத்தா காலத்திலிருந்து வண்டி போன தடத்தில் ஒருவர் முள்கம்பி போட்டார், நாம் பதினோரு வருடம் முன்சீப் கோர்ட் படி ஏறினோம், கடைசியில் நீங்களே "சவத்தத் தள்ளு" என்று சுற்றிப் போக ஆரம்பித்தீர்கள். எனக்கு அந்தக் கோபம் இன்னும் போகவில்லை. இங்கே ஒவ்வொரு கடவைத் தாண்டும்போதும் அந்தக் கம்பி நினைவுக்கு வருகிறது.

இங்கேயும் சும்மா கிடைக்கவில்லை. இதே மலைத்தொடரின் வடக்கே கிண்டர் ஸ்கவுட் என்று ஒரு மேடு, பணக்காரர்கள் பறவை சுடுவதற்காக மற்றவர் வராமல் காவல் போட்டு வைத்திருந்தார்கள். 1932 ஏப்ரல் 24 அன்று மான்செஸ்டர் பக்கத்து ஆலைத் தொழிலாளர்கள், வேலையில்லாப் பையன்கள் என்று நூற்றுக்கணக்கான பேர் திரண்டு அதில் ஏறினார்கள், காவலாட்களோடு தள்ளுமுள்ளு, ஐந்து பேருக்கு ஜெயில். முன்னால் நின்ற பென்னி ராத்மனுக்கு வயது இருபதுதான், நாலு மாதம் உள்ளே இருந்தான். 1949இல் தேசியப் பூங்காக்களுக்கான சட்டம் வந்து, 1951இல் இந்த மலைப்பகுதியைத்தான் நாட்டின் முதல் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள்.

மாடு விஷயம் கேட்பீர்களே. பால் ஜாதிக் காளை பத்து மாதத்துக்கு மேல் வளர்ந்துவிட்டால் பாதை போகிற நிலத்தில் விடக்கூடாது. கறிமாட்டு ஜாதி என்றால் பசுக்களோடு சேர்த்து விடலாம். இதெல்லாம் தெரிந்திருந்தும் போன வாரம் இளங்காளைகள் இருபது இருக்கும், வேடிக்கை பார்க்க எங்களை நோக்கி ஓடிவர, மாட்டுக்காரர் மகள் நான் சுவர் ஏறிக் குதித்து செந்தட்டியில் விழுந்தேன். கோட்டயத்துக்காரி அசையாமல் நின்று கைதட்டினாள், எல்லாம் திரும்பிப் போய்விட்டன. முழங்கை வரை எரிச்சல்.

ஆடுகள் குட்டி போடுகிற காலம் இது. தாய்க்கும் அதன் குட்டிகளுக்கும் விலாவில் ஒரே எண்ணைச் சாயத்தால் எழுதிவிடுகிறார்கள், 47 என்று ஒரு ஆடு, பின்னாலேயே 47, 47 என்று இரண்டு குட்டி. ஒரு குட்டி 31, தப்பான தாயிடம் முட்டிக் குடிக்கப் போய் உதை வாங்கியது. அப்புறம் அந்தச் சுவர்கள், நீங்கள் ஒரு நாள் பூரா நின்று பார்ப்பீர்கள். சாந்தே கிடையாது. இரண்டு பக்கமும் உள்சாய்வாகக் கல்லடுக்கி, நடுவில் பொடிக்கல் நிரப்பி, இடையிடையே இரண்டு முகத்தையும் இழுத்துப் பிடிக்கிற மாதிரி நீளக்கல் ஒன்றைக் குறுக்கே போட்டு, உச்சியில் கல்லைக் குத்துவாக்கில் வரிசையாக நிறுத்தியிருப்பார்கள். சில சுவரில் மனுஷன் கால் மட்டும் நுழைகிற சந்து விடுவார்கள், ஆடு வராது. நான் டிஃபன் பையோடு அதில் மாட்டிக்கொண்டேன். மரத்தில் ஒரு கதவும் உண்டு, ஒரு ஆள் மட்டும் உள்ளே நின்று திருப்பிக்கொண்டு வரவேண்டும். அதற்கு இவர்கள் வைத்த பெயரை அப்பாவுக்கு எழுதக் கூச்சமாக இருக்கிறது, தம்பியிடம் கேளுங்கள்.

மே மாதம் நீங்கள் இருவரும் வரும்போது அம்மாவுக்குக் கடவு ஏற வராது, தெரியும். ஆஷ்போர்னிலிருந்து டிஸிங்டன் வழியாக ஒரு பாதை இருக்கிறது, பழைய ரயில் பாதை. தண்டவாளத்தைப் பெயர்த்துவிட்டு 1971இல் நடக்கத் திறந்தார்கள். மொத்தம் இருபத்தொரு கிலோமீட்டர், நாம் போகப்போவது இரண்டு. ரயிலுக்குச் செங்குத்து ஏற்றம் ஆகாதல்லவா, அதனால் நேராக டிஸிங்டனில் இறங்கி நடந்தால் முட்டு நோகாது. அந்த ஊரில் ஈஸ்டர் கழிந்து நாற்பதாம் நாள் கிணறுகளுக்கு அலங்காரம் செய்வார்கள். பலகையில் ஈரக் களிமண் பூசி, பூவிதழை ஒவ்வொன்றாக அழுத்தி, பைபிள் கதையைப் படமாக ஆக்குவார்கள். கோலம் போட்ட கைக்கு அதைப் பார்க்கவே பிடிக்கும்.

நீங்கள் மட்டும் என்னோடு ஆற்றோரம் வாருங்கள். செருப்போடு வந்துவிடாதீர்கள், இங்கத்திய சேறு நம் நாற்றங்கால் சேறு மாதிரி, ஒன்றை உருவினால் திருப்பித் தராது. நடக்கிற பூட்ஸ் நான் இங்கேயே வாங்கிவிடுகிறேன். ஒரு தாளில் இரண்டு காலையும் வைத்து பென்சிலால் சுற்றிலும் வரைந்து, தம்பியிடம் பக்கத்தில் ஸ்கேல் வைத்துப் படம் எடுத்து வாட்ஸாப்பில் அனுப்பச் சொல்லுங்கள். வலது கால் கொஞ்சம் பெரிது உங்களுக்கு, அதனால் இரண்டும் வேண்டும்.

அன்புடன்,
உங்கள் மகள்