பயண நேரக் கணக்கு சரியா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் பயணப் பக்கத்தில் இரு விமான நிலையங்களுக்கு இடையிலான தூரமும் பயண நேரமும் அட்டவணையாக வெளிவருவது பயனுள்ளது. ஆனால், தூரத்தை மணிக்கு 900 கிலோமீட்டர் என்ற வேகத்தால் வகுத்துக் கிடைத்த விடையையே பயண நேரமாக அச்சிட்டிருப்பதாகத் தெரிகிறது. லண்டன் ஹீத்ரோவுக்கும் நியூயார்க்கின் கென்னடி விமான நிலையத்துக்கும் இடையே சுமார் 5,540 கிலோமீட்டர். வகுத்தால் ஆறு மணி பத்து நிமிடம் வரும். அந்த நேரத்தை நம்பி எவரும் திட்டமிட முடியாது. விமான நிறுவனங்களின் கால அட்டவணையில் நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு ஏறத்தாழ ஏழு மணி நேரமும், திரும்பும் திசையில் எட்டு மணி நேரமும் இருக்கும்.

போக ஒரு நேரம், வர ஒரு நேரம் என்பதற்குக் காரணம் காற்று. விமானங்கள் பறக்கும் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக வீசும் ஜெட் காற்றோட்டம், கிழக்கே செல்லும் விமானத்தைத் தள்ளிவிடுகிறது, மேற்கே செல்வதைத் தடுக்கிறது. இருக்கைக்கு முன்னுள்ள திரையில் தரைவேகம் சில சமயம் மணிக்கு 1,000 கிலோமீட்டரைத் தாண்டி நிற்பது இதனால்தான். இயந்திரம் அதற்காகக் கூடுதலாக உழைப்பதில்லை. 2020 பிப்ரவரியில், சியாரா புயலின்போது, பிரிட்டிஷ் ஏர்வேஸின் போயிங் 747 ஒன்று நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு 4 மணி 56 நிமிடத்தில் வந்து சேர்ந்தது.

தூரமும் அச்சிட்டபடியே அமைவதில்லை. அட்டவணைகளில் காணப்படுவது உருண்டையான பூமியின் மேற்பரப்பில் இரு புள்ளிகளை இணைக்கும் மிகக் குறுகிய வழி, அதாவது பெருவட்டத் தூரம். தட்டையான வரைபடத்தில் அது வடக்கே வளைந்து தெரிவதால் சுற்றுவழி என்று பலரும் எண்ணிவிடுகிறார்கள். விமானமோ வான்வழித் தடங்களையும் வானிலையையும் அனுமதி மறுக்கப்பட்ட வான்பரப்பையும் பொறுத்தே செல்ல முடியும். 2022-இல் ரஷ்யா தன் வான்வெளியை ஐரோப்பிய விமானங்களுக்கு மூடியபின், ஹெல்சிங்கியிலிருந்து டோக்கியோ செல்ல முன்பு ஒன்பதரை மணி நேரமளவில் இருந்தது பதின்மூன்று மணி நேரமளவுக்கு நீண்டது. இரு நகரங்களுக்கும் இடையிலான பெருவட்டத் தூரம் ஒரு கிலோமீட்டர்கூட மாறவில்லை.

இன்னொன்று: கால அட்டவணை நேரம் என்பது விமானம் நிறுத்துமிடத்தை விட்டு நகர்வதிலிருந்து, சேருமிடத்தில் நின்று சக்கரங்களுக்குக் கட்டை வைக்கப்படும்வரை கணக்கிடப்படுவது. ஓடுபாதை நோக்கி ஊர்வதும், முன்னால் நிற்கும் விமானங்களுக்காகக் காத்திருப்பதும், இறங்க அனுமதி கிடைக்கும்வரை வானில் வட்டமிடுவதும் அதில் அடங்கும். மேலேறவும் கீழிறங்கவும் ஆகும் நேரமும் சேர்வதால், குறுகிய தூரப் பயணங்களில்தான் வகுத்தல் கணக்கு அதிகம் பிசகும்.

உள்ளூர் நேர வேறுபாட்டை மறப்பதும் அடிக்கடி நடக்கிறது. லண்டனில் காலை 11 மணிக்குப் புறப்பட்டு நியூயார்க்கில் பிற்பகல் 2 மணிக்கு இறங்கினால், இடையே ஐந்து மணி நேர வேறுபாடு இருப்பதால் பயணம் எட்டு மணி நேரம், மூன்றல்ல.

ஆகவே, தூரத்தைப் பெருவட்டத் தூரம் என்றே குறிப்பிட்டு, நேரத்தைக் கால அட்டவணையிலிருந்து எடுத்து, போகும் திசைக்கும் வரும் திசைக்கும் தனித்தனியே வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். இடையில் விமானம் மாறும் வழித்தடங்களில் காத்திருப்பு நேரத்தைத் தனிப் பத்தியில் தந்தால் நலம்.

இப்படிக்கு,
தங்கள் நாளிதழின் வாசகர்