ஒரு கண்ணாடிச் சுவர் போதும்

உணவு ஆலைகளை நடத்துகிறவர்களுக்கு,

வணக்கம். கோடை விடுமுறையில் எந்தத் திட்டமும் இல்லாமல் உங்கள் வாசலில் வந்து நிற்கும் குடும்பங்களின் சார்பில் எழுதுகிறேன். போன வாரம் நாங்களும் அப்படித்தான் நின்றோம். வெளியே வெயில், உள்ளே இரண்டு பிள்ளைகளின் சண்டை. "பிஸ்கட் எப்படிச் செய்கிறார்கள் என்று பார்த்துவிட்டு வரலாம், கிளம்புங்கள்" என்றார் மாமியார். பத்தே நிமிடத்தில் கிளம்பிவிட்டோம்.

பள்ளிக் கடிதம் வேண்டும், இரண்டு வாரம் முன்பே சொல்லியிருக்க வேண்டும் என்றார்கள் வாசலில். சரி, திரும்பிவிடலாம் என்று நினைத்தபோது, ஷிப்ட் முடிந்து வந்த ஒரு மேற்பார்வையாளர் பிள்ளைகளின் முகத்தைப் பார்த்துவிட்டு, உள்ளே பேசி அனுமதி வாங்கி, மாடிக்கு அழைத்துப் போனார். அங்கே நீளமாக ஒரு கண்ணாடிச் சுவர். அதன் வழியே ஆலை முழுவதும் தெரிந்தது.

பிஸ்கட்டில் ஏன் ஓட்டை போடுகிறார்கள் என்று சின்னவன் கேட்டான். அழகுக்கு என்றுதான் நான் இத்தனை வருடமாக நினைத்திருந்தேன். வேகும்போது மாவுக்குள் உண்டாகும் நீராவி வெளியேற வழியில்லாவிட்டால் பிஸ்கட் உப்பிக்கொள்ளுமாம். அடுப்பு ஒரு சுரங்கம் மாதிரி நீண்டு கிடந்தது. ஒரு முனையில் நுழையும் மாவு சில நிமிடங்களில் மறுமுனையில் பிஸ்கட்டாக வருகிறது. ஆனால் அதற்குப் பிறகு அது பட்டையில் ஊர்ந்து ஆறுவதற்குத்தான் அதிக நேரம். அவசரப்பட்டுச் சட்டென்று ஆறவைத்தால், ஓரம் காய்ந்தும் நடுவில் ஈரம் தங்கியும் இருக்கும். அந்த ஈரம் மெல்ல ஓரத்துக்குப் பரவும்போது ஓரம் விரியும், நடு சுருங்கும். ஆலையை விட்டு முழுசாகப் போன பிஸ்கட் கடையில் இருக்கும்போது தானாக விரிசல் விடும். வீட்டில் பொட்டலம் பிரித்ததும் உடைந்த பிஸ்கட்டுக்காக யார் யாரைத் திட்டியிருக்கிறோம்!

பெரியவளுக்குப் பிடித்தது உலோகம் கண்டுபிடிக்கும் கருவி. இரும்பு, இரும்பல்லாத உலோகம், எவர்சில்வர் என மூன்று வகைத் துணுக்குகளை ஒவ்வொன்றாக அனுப்பி, கருவி சரியாகப் பிடிக்கிறதா என்று சோதித்துக் காட்டினார்கள். கையில் காயம் பட்டவர்கள் ஒட்டும் பிளாஸ்திரிகூட நீல நிறம். அதற்குள் மெல்லிய உலோகப் பட்டை. மாவில் விழுந்தால் கண்ணுக்குத் தெரியும், கண்ணுக்குத் தப்பினால் கருவிக்குத் தெரியும்.

உங்கள் தயக்கம் புரியாமல் இல்லை. விண்வெளி வீரர்களின் உணவுக்காக 1960களில் நாசாவும் பில்ஸ்பரி நிறுவனமும் சேர்ந்து உருவாக்கிய பாதுகாப்பு முறையைத்தான் இன்று உலகெங்கும் உணவு ஆலைகள் பின்பற்றுகின்றன. எங்கே தவறு நேரலாம் என்று முன்பே யோசித்து அடைப்பதுதான் அதன் அடிப்படை. என் மகன் கால்சட்டைப் பையில் வேர்க்கடலை இருந்தது. ஒவ்வாமை உள்ள ஒருவருக்கு அது எமன். அவனை இயந்திரங்கள் ஓடும் தளத்துக்குள் விடுங்கள் என்று நான் கேட்கவே மாட்டேன்.

ஆனால் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்றால் என்ன கெட்டுவிடும்? விடுமுறை மாதங்களில் வாரம் ஒரு நாள், ஒரு மணி நேரம், கடிதமில்லாமல் வருகிறவர்களுக்கும் அந்தத் தாழ்வாரத்தைத் திறந்து வையுங்கள். எந்த நாள், எந்த நேரம் என்று வாசலில் ஒரு பலகை. விளம்பரப் படம் போட்டுக் காட்டி விற்பனைக் கூடத்துக்கு ஓட்டிவிடாதீர்கள். படத்தை வீட்டிலேயே பார்த்துக்கொள்வோம். தளத்தில் வேலை செய்த ஒருவர் பக்கத்தில் நின்று பதில் சொன்னால் போதும். கழித்து ஒதுக்கிய பிஸ்கட்டையும் காட்டுங்கள், அதை ஏன் ஒதுக்கினார்கள் என்பதில்தான் பிள்ளைகள் அதிக நேரம் நின்றார்கள்.

அப்புறம், அந்தக் கண்ணாடி பெரியவர்கள் உயரத்துக்கு வைத்தது. சின்னவனைத் தூக்கிப் பிடித்து என் தோள் இன்னும் வலிக்கிறது. கீழே ஒரு நீளப் படி போட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
திட்டமில்லாமல் வந்த ஐவரில் ஒருத்தி