கொழும்புக் கோப்பையும் நம் அப்பாக்களும்

குன்னூர்,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள செல்வம்,

உன் கடிதம் வந்து இரண்டு வாரம் ஆகிறது. முழங்கால் வலி தணிந்திருக்கிறது என்று படித்ததும் மனசு லேசானது. படி ஏறுவதை மட்டும் குறைத்துக்கொள்.

இங்கே மழை விட்டபாடில்லை. பேரன் ஸ்கூல் டீமில் கோல்கீப்பர். தினமும் சாயந்திரம் சேறும் சகதியுமாக வந்து நிற்கிறான். நான் 'உதைபந்து' என்றால் சிரிக்கிறான். அவனுக்கு அது கால்பந்து. இலங்கை மலையகத்து அட்டனை விட்டு வந்து ஐம்பது வருஷம் ஆகியும் என் வாயில் அந்தச் சொல் மாறவில்லை.

அவனுக்குப் பீட்டர் தங்கராஜைப் பற்றிச் சொல்லப் போய்த்தான் பழைய கதையெல்லாம் கிளம்பியது. இங்கே பக்கத்தில் வெலிங்டனில் இருக்கிறதே மெட்ராஸ் ரெஜிமென்ட், அதில் சேர்ந்தவர். முதலில் சென்டர் ஃபார்வர்டாக ஆடி, அப்புறம் கோல்கீப்பர் ஆனவர். இந்தியாவுக்காக அவர் முதன்முதலில் ஆடியது 1955இல், டாக்காவில் நடந்த கொழும்புக் கோப்பையில்.

பெயர்தான் கொழும்பு. அங்கே நடந்தது 1952இல் மட்டும். அடுத்த வருஷம் ரங்கூன், 1954இல் கல்கத்தா, பிறகு டாக்கா; அதோடு நின்றுவிட்டது. இந்தியா, பாகிஸ்தான், பர்மா, இலங்கை என்று நாலே அணிகள். நாலும் அப்போதுதான் வெள்ளைக்காரனிடமிருந்து விடுபட்ட நாடுகள். முதல் வருஷம் இந்தியாவும் பாகிஸ்தானும் சமமாக நின்று கோப்பையைப் பகிர்ந்துகொண்டன. பிரிவினையின் ரத்தம் காயாத நேரம், செல்வம்! அதை நினைத்தால் இப்போதும் எனக்கு மெய்சிலிர்க்கிறது. அடுத்த மூன்று முறையும் இந்தியாதான்.

அதே 1952இல் ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் இந்திய ஆட்டக்காரர்கள் யூகோஸ்லாவியாவிடம் 10-1 என்று தோற்றார்கள். பலர் வெறுங்காலோடு ஆடினார்களாம். அதற்குப் பிறகுதான் பூட்ஸ் கட்டாயமானது. தேயிலைத் தோட்டத்தில் நம் லயத்து வீடுகளுக்கு முன்னால் நாம் ஆடிய ஆட்டம் ஞாபகம் வந்தது. உன் கட்டைவிரல் நகம் பெயர்ந்து, உங்கம்மா மஞ்சள் பத்துப் போட்டார்களே.

ஆனால் நான் எழுத உட்கார்ந்தது வேறு ஒன்றுக்காக. கொழும்பில் இலங்கை அணி ஆடிய அந்த 1952இல் நம் அப்பாக்களுக்கு எந்த நாடும் இல்லை. இலங்கையின் 1948 சட்டம் தோட்டத்துத் தமிழ்ச் சனத்தின் குடியுரிமையைப் பறித்துவிட்டது. 1947 தேர்தலில் மலையகத்திலிருந்து ஏழு பேரை அனுப்பிய சனம், 1952 தேர்தலில் ஓட்டுப் போட முடியாமல் நின்றது. இலங்கையும் இந்தியாவும் மோதிய அன்று அவர்கள் யாருக்குக் கைதட்டியிருப்பார்கள்? அப்பா இருந்தபோது இதைக் கேட்கத் தோன்றவில்லையே என்று இரண்டு நாளாகத் தூக்கமில்லை. அந்த ஆட்டக்காரர்கள் கடல் தாண்டிப் போய் ஆடிவிட்டுத் திரும்பினார்கள். இந்தியாவுக்கு அனுப்பப்பட்டு, அழுதுகொண்டே ஒப்பாரிக் கோச்சி என்ற அந்த ரயிலில் ஏறிய எங்களுக்குத் திரும்பும் வழி இருக்கவில்லை. இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் நம் சனத்தை இரண்டு நாட்டுக்கும் பங்கு போட்டுக் கையெழுத்துப் போட்டார்கள். நான் இங்கே, நீ அங்கே.

1995இல் இலங்கை இந்தியாவை 1-0 என்று வென்று சார்க் கோப்பையை எடுத்தபோது நீ எழுதிய கடிதம் இன்னும் என் பெட்டியில் இருக்கிறது. "நாங்கள் வென்றுவிட்டோம், கோபித்துக்கொள்ளாதே" என்று எழுதியிருந்தாய். எனக்குக் கோபமே இல்லை. அன்றைக்கு நானும் சந்தோஷப்பட்டேன் என்று உனக்கு இதுவரை சொன்னதில்லை.

ஒரு உதவி. உன் மகள் கொழும்பில்தானே வேலை பார்க்கிறாள்? நேரம் கிடைக்கும்போது பழைய வீரகேசரி இதழ்கள் இருக்கும் இடத்தில் 1952ஐப் புரட்டிப் பார்க்கச் சொல். இலங்கை அணியில் யார் யார் ஆடினார்கள் என்று எழுதி அனுப்பட்டும். பெயர்களில் மலையகத்துப் பெயர் ஒன்றாவது இருக்கிறதா என்று நீயும் கூட இருந்து பார்.

அன்புடன்,
ராமையா